கோட்டைப் புகையும் குசினிப் புகையும்

2022ஆம் ஆண்டு மார்கழி மாதத்தின் இரண்டாவது வாரத்தை வடக்கில் இருப்பவர்கள் இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில் கடுங்குளிர் அடித்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்து இறந்தன. அதே நேரத்தில் வானம் சாம்பல் பூத்ததுபோல் மங்கிக் கிடந்தது. பனிமூட்டம் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான், அது பனி மட்டுமல்ல, இந்தியப் பெருநிலப்பரப்பிலிருந்து வாடைக்காற்று அள்ளிவந்த புகையும் தூசும் என்று தெரியவந்தது. யாழ்ப்பாணத்தில் நிலைமை மிகவும் மோசமாக இருந்தது.

மாடு இறந்தால் கண்ணுக்குத் தெரியும். கணக்கெடுக்கலாம், நட்டஈடு கேட்கலாம். அந்த வாரத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு முட்டு இழுத்தது, எத்தனை முதியவர்கள் இருமித் தவித்தார்கள் என்பதை எங்கள் கிராமங்களில் யார் எழுதிவைத்தார்கள்?

"முந்தியும் இப்படி இருந்ததா?" என்று அப்போது பலரும் கேட்டார்கள். இருந்தது என்றார் ஒருவர், இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். மழையைப் பற்றிக் கேட்டால் இந்தத் தடுமாற்றம் வராது. யாழ்ப்பாணத்து மழைக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவு இருக்கிறது. வளிக்கு அப்படியொரு பதிவு வடக்கில் இல்லை. நீண்டகாலப் பதிவு ஓரளவுக்கேனும் இருப்பது கொழும்பில்தான். ஆகவே அதைக் கொஞ்சம் பார்ப்போம். அது நகரத்தாரின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

1990களின் பிற்பகுதியில் கொழும்புக் கோட்டை புகையிரத நிலையப் பகுதியில் வளியை அளக்கும் தன்னியக்கக் கருவிகள் பொருத்தப்பட்டன. பேருந்துகளும் முச்சக்கரவண்டிகளும் நாள் முழுவதும் புகை கக்குகின்ற இடம் அது. கருவிகள் அளந்தவற்றுள் முக்கியமானது நுண்தூசு. ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் வருகின்ற ஒரு பங்கிலும் சிறிய துகள்கள் இவை. மூக்கு மயிரில் சிக்காமல் உள்ளே இறங்கிவிடும். அதிலும் நான்கில் ஒரு பங்கு அளவேயான மிகச் சிறியவை நுரையீரலின் அடிவரை போய், இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. இருதய நோய்க்கும் பாரிசவாதத்துக்கும் அவை ஒரு காரணம் என்பது இப்போது நிச்சயமாக அறியப்பட்ட விடயம்.

1998இலிருந்து சில ஆண்டுகள் எடுத்த கணக்கின்படி, கோட்டையில் ஒரு கனமீற்றர் வளியில் இந்த நுண்தூசு ஆண்டுச் சராசரியாக 72 முதல் 82 மைக்ரோகிராம் வரை இருந்தது. பெரிதாகக் கூடவுமில்லை, குறையவுமில்லை. 2008இல் எமது நாட்டுச் சட்டம் வகுத்த எல்லை 50. உலக சுகாதார நிறுவனம் 2005இல் சொன்னது 20. 2021இல் அதையும் 15ஆகக் குறைத்துவிட்டது. பின்வந்த ஆண்டுகளின் அளவீடுகளும் அந்த நிறுவனத்தின் எல்லைக்குள் அடங்கவில்லை.

ஆனால் ஒன்று உண்மையாகவே குறைந்தது. அதுதான் ஈயம். இயந்திரம் தட்டாமல் ஓடுவதற்காக முன்னர் பெற்றோலில் ஈயம் கலந்தார்கள். அது புகையோடு வெளிவந்து பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. 2002ஆம் ஆண்டு ஆனி மாதத்துடன் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. கொழும்பு வளியில் ஈயத்தின் அளவும் விரைவில் விழுந்தது. இதற்காக எந்தச் சாரதியும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எந்தத் தாயும் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைக்கவில்லை. எரிபொருளை இறக்கும் இடத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். வளி மாசடைதலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொதுமக்களுக்கு அறிவுரை சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் இந்த ஈயத்தின் கதையை ஒருமுறை படித்தால் நல்லது.

2008இல் இன்னும் சில நடவடிக்கைகள் வந்தன. பெற்றோலோடு எண்ணெயையும் சேர்த்து எரித்து நீலப்புகை விடுகின்ற இரண்டடிப்பு முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. டீசலிலுள்ள கந்தகமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அப்படியிருந்தும் தூசு ஏன் போதுமான அளவு இறங்கவில்லை? 2000ஆம் ஆண்டில் நாட்டில் பதிவுசெய்யப்பட்டிருந்த வாகனங்கள் 20 இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் அது 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வண்டியின் புகையும் குறைந்தது, வண்டிகள் பெருகின. கூட்டிக் கழித்தால் மிச்சம் அதிகமில்லை.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சோளகம் வீசுகின்ற மாதங்களில் கடற்காற்று கொழும்பைக் கழுவிவிடும். வாடை தொடங்கியதும் தூசு கூடுகிறது. தரையிலிருந்து வருகின்ற காற்று கடற்காற்றைப்போல் நகரத்தைக் கழுவிவிடுவதில்லை. தொலைவிலுள்ள புகையையும் கொண்டுவருகிறது. 2022இல் வடக்கு கண்டது இதன் மிகக் கடுமையான வடிவம். வாடைக்காலத்து இருமலை "குளிர் பிடித்துவிட்டது" என்று சொல்லியே பழகிவிட்டோம். அதில் ஒரு பகுதி புகையாலும் இருக்கலாம்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். கோட்டையில் கருவி இருந்தது, குசினியில் இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விறகில்தான் சமைத்தது. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, அதற்கு மாறியிருந்த பல வீடுகளும் மீண்டும் அடுப்பை மூட்டின. காற்றோட்டம் இல்லாத குசினியில் ஈர விறகோ பொச்சு மட்டையோ எரிகின்ற வேளையில் நுண்தூசு பல நூறு மைக்ரோகிராமுக்கு ஏறிவிடும். கோட்டைச் சந்தியில் நிற்பதைவிட மோசமான வளியை ஒரு தாய் காலையிலும் மாலையிலும் சுவாசிக்கிறாள். இடுப்பில் இருக்கின்ற குழந்தையும் சுவாசிக்கிறது. வளியின் தரம் பற்றிய நாட்டின் நீண்டகாலப் பதிவுகளில் இந்தப் பெண்கள் இல்லை.

1980களில் அறிமுகமான அனகி அடுப்பு பல வீடுகளில் இருக்கிறது. களிமண்ணால் ஒரே துண்டாகச் செய்த, இரண்டு பானை வைக்கக்கூடிய அடுப்பு. விறகு குறைவாகப் போகும். ஆனால் அடுப்பை மட்டும் மாற்றிவிட்டுப் புகைக்கூட்டை மறந்தால், மிஞ்சுகின்ற புகை உள்ளேயே சுழலும். கடன் திட்டத்தில் வீடு கட்டுகிறவர்கள் முன் விறாந்தைக்குக் காட்டுகின்ற அக்கறையில் கால்வாசியைக் குசினிப் புகைக்கூட்டுக்குக் காட்டலாம். விறகை மாரிக்கு முன்னரே வெட்டி அடுக்கிக் காயவைப்பதும் செலவில்லாத வேலை.

அளவீட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கொழும்பில் அமெரிக்கத் தூதரகம் தன் கருவியின் அளவுகளைச் சில ஆண்டுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு வந்தது. 2025ஆம் ஆண்டு பங்குனியில், உலகெங்கும் உள்ள தனது தூதரகங்களின் வளி அளவுகளை வெளியிடுவதை அந்த நாடு நிறுத்திக்கொண்டது. பிறர் வைத்திருக்கும் கருவியை நம்பினால் பதிவு இப்படித்தான் நடுவில் அறுந்துபோகும்.

கருவி வாங்க வசதியில்லாத பாடசாலைகள்கூட ஒன்று செய்யலாம். பாடசாலை வாசலிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று கிலோமீற்றர் தொலைவில் தெரிகின்ற கோபுரம், தண்ணீர்த் தாங்கி, தனிப்பனை என மூன்று அடையாளங்களைத் தெரிவுசெய்யவேண்டும். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு ஒரு மாணவர் பார்த்து, எவை தெளிவாகத் தெரிகின்றன, எவை மங்கலாக இருக்கின்றன, காற்று வாடையா சோளகமா, மழையா பனியா என்று கொப்பியில் எழுதவேண்டும். அன்று முட்டு, இருமல் என்று வராமல் நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பெயரின்றிப் பக்கத்தில் குறிக்கலாம். நுண்தூசின் அளவை இது சொல்லாது. ஆனால் தை மாதத்தில் தொடங்கி விடாமல் எழுதினால், அடுத்த மார்கழியில் வானம் மங்கும்போது புரட்டிப் பார்க்க ஒரு கொப்பி இருக்கும்.