பேரனுக்குப் பாட்டி முதுகண்

திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் அருங்காட்சியகமாக இருக்கும் பழைய தர்பார் மண்டபத்தை ஊரார் 'ராணி மங்கம்மாள் மகால்' என்கிறார்கள். கட்டியவர் அவர் கணவர் சொக்கநாத நாயக்கர் என்பார்கள். பெயர் என்னவோ மனைவிக்குப் போய்விட்டது. சட்டம் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'முதுகண்' என்றொரு சொல் வரும். நிலம் பெண்ணுடையதாகவே இருக்கும். அதை விற்கும்போது கணவனோ மகனோ உடன்பிறந்தவனோ அவளுக்கு முதுகணாக, அதாவது காப்பாளனாக, நிற்பான். எல்லாப் பெண்களுக்கும் இப்படி இல்லை. அரசியரும் கோயில் பெண்களும் தம் பெயரிலேயே கொடை தந்திருக்கிறார்கள். பழைய ரோமிலும் பெண்ணுக்குக் காப்பாளர் உண்டு. மூன்று பிள்ளை பெற்றால் விலக்கு என்றது அகஸ்டஸ் காலச் சட்டம். ஏதென்ஸ் நிலைமை இன்னும் மோசம். ஒரு மூட்டை வாற்கோதுமை விலைக்கு மேல் அவள் பேரம் பேசினால் செல்லாது.

திருச்சியில் இது தலைகீழானது. 1689இல் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை கண்டு இறக்க, கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக மங்கம்மாள் ஆட்சியை ஏற்றார். பாட்டி, பேரனுக்கு முதுகண்! படை, வரி, தூது, சாலை, சத்திரம் என ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. பட்டம் மட்டும் குழந்தைக்கு.

அந்தப் பேரன் பின்னாளில் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகளை ஸ்ரீரங்கம் கோயிலில் இன்றும் பார்க்கலாம். 1732 வாக்கில் அவர் பிள்ளையில்லாமல் போனார். விதவை ராணி மீனாட்சி, உறவினர் வங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்து ஆண்டார். வேடிக்கை என்னவென்றால், பிள்ளையைப் பெற்ற அந்த வங்காருவே அரியணை தனக்கென்று கிளம்பினார். ஆற்காட்டு நவாபின் மகன் சப்தர் அலி அவர் பக்கம் சாய, நவாபின் மருமகன் சந்தா சாகிபின் வாக்கை நம்பினார் மீனாட்சி. கடைசியில் கோட்டை சந்தா சாகிப் கைக்குப் போனது. ராணி நஞ்சுண்டு இறந்தார் என்பார்கள்.

விதவை தத்தெடுக்கலாமா என்ற கேள்வி, ராமநாதபுரம் ஜமீன் வழக்காக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவன் அனுமதி தந்திராவிட்டாலும் பங்காளிகள் சம்மதித்தால் போதும் என்று 1868இல் தீர்ப்பு. முதுகண் போய்ப் பங்காளி வந்தார், அவ்வளவுதான். 1956இல் வந்த சட்டம் பங்காளியையும் விலக்கி, விதவை தானே தத்தெடுக்கலாம் என்றது. அதே சட்டத்தில், மனைவியின் சம்மதத்தோடு கணவன் தத்தெடுக்கலாம். கணவன் உடனிருக்கும் பெண் தன் பெயரில் தத்தெடுக்க 2010 வரை காத்திருந்தாள், அவன் சம்மதத்தோடுதான்.