பத்து மீட்டர் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த கையோடு கல்லூரிப் பையன்கள் சிலர் என் கண்ணாடிக் கடைக்கு வந்து, கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினார்கள். "அண்ணா, இந்த மாதிரி ஃபிரேம் கிடைக்குங்களா?" படத்தில் தென் கொரியாவின் கிம் யே-ஜி. சுடும் கண்ணுக்கு முன்னால் ஒரு வட்டச் சில்லு, மறு கண்ணை மறைத்து ஒரு தகடு. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கியவர். அதே பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகேச், 51 வயது, வீட்டில் போடுகிற கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்று கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். இதில் யார் சரி என்று பையன்களுக்குள் ஒரே வாக்குவாதம். இரண்டு பேரும் சரிதான் என்றேன், அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

கோவையில் கண்ணாடிக் கடை என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஃபிள் கிளப். லென்ஸ், ஸ்க்ரூ, பவர் என்று பழகிய கை என்பதால் கிளப்பில் யாருடைய சைட் மக்கர் செய்தாலும் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். கூடவே பெற்றோரும் வருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றேதான்: "ஏனுங்க, பையனுக்கு நல்ல ஸ்கோப் ஒண்ணு மாட்டிட்டா பத்துப் பத்தா விழுந்துருமில்லீங்க?"

விழாது. முதலில், ஒலிம்பிக் வகை ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கே அனுமதியில்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் குறியின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். அதன் நடுவே 10 புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் அகல வெள்ளைப் புள்ளி. சுடுகிற பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர். 6/6 பார்வை உள்ள கண் 10 மீட்டர் தூரத்தில் பிரித்தறியக்கூடியது சுமார் 3 மில்லிமீட்டர்தான். அப்படியானால் அந்தப் புள்ளியைப் பார்த்துக் குறி வைப்பவர் யாருமே இல்லை. எல்லோரும் வட்டத்துக்குள் வட்டத்தைத்தான் வைக்கிறார்கள்: கண்ணருகே உள்ள பின் சைட்டின் சிறு துளை, அதனுள் முன் சைட்டின் ரிங், ரிங்குக்குள் குறியின் கறுப்பு. ஒரு வட்டம் இன்னொன்றின் நடுவே உட்கார்ந்திருக்கிறதா, இம்மி விலகியிருக்கிறதா என்று சொல்வதில் மனிதக் கண்ணுக்கு அபாரத் திறமை உண்டு. சைட் என்பது குறியைப் பெரிதாக்கும் கருவியல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் அதே படத்தைத் திரும்பக் காட்டும் கருவி. வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் இதை மட்டும் மனதில் வைத்தால் பாதிப் பணம் மிச்சம்.

ரிங் அளவையே பாருங்கள். கண்ணிலிருந்து முன் சைட் ஏறக்குறைய ஒரு மீட்டர். 10 மீட்டரில் உள்ள 30.5 மில்லிமீட்டர் வட்டம் அந்த இடத்தில் 3 மில்லிமீட்டராகத் தெரியும். 3.2 ரிங் போட்டால் கறுப்பைச் சுற்றி மயிரிழை வெள்ளைதான் மிஞ்சும். பார்க்கத் துல்லியமாக இருக்கும். ஆனால் கொஞ்சம் ஆடினாலே வெள்ளை ஒரு பக்கம் காணாமல் போய்விடுவதால் பிள்ளைகள் பயந்துகொண்டு ட்ரிகரைப் பிடித்தபடியே நிற்பார்கள். கண் களைத்துவிடும், மூச்சு முட்டும், பிறகு ஒரு உலுக்கு. புதியவர்களுக்கு நான் 4 மில்லிமீட்டரை ஒட்டித்தான் போட்டுக் கொடுப்பேன். "இவ்வளவு லூஸா?" என்பார்கள். நாலு வாரம் சுடட்டும்.

பின் துளை இன்னொரு கணக்கு. துளை சின்னதாக ஆக ரிங்கும் குறியும் சேர்ந்து கூர்மையாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒளி சிதறி மறுபடி மங்கும். 1.1, 1.2 மில்லிமீட்டர் பெரும்பாலோருக்குச் சரி. குறியின் மீது குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது விதி; டியூப் லைட் ஒன்று அணைந்துபோன கிளப்புகளில் துளையைக் கொஞ்சம் திறந்துவிடத்தான் வேண்டும். அதற்காகவே திருகினால் விரிந்து சுருங்கும் ஐரிஸ் வருகிறது. சைட்டை மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஐரிஸ் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

இனி என் தொழில். நாற்பதைத் தாண்டியவர்கள் "சைட் போயிருச்சுங்க" என்று ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போயிருப்பது கண். தூரப் பார்வைக் கண்ணாடியில் குறி தெளிவாகத் தெரியும், ரிங் மங்கும். படிக்கும் கண்ணாடியில் இரண்டுமே மங்கும். வேண்டியது இரண்டுக்கும் நடுவில், இரண்டு மீட்டரை ஒட்டிய தூரத்துக்கான பவர். தூர பவரோடு +0.50 சேர்த்தால் பெரும்பாலும் ரிங் கறுப்பாகக் கெட்டிப்பட்டு நிற்கும், குறியும் கெடாது. பைஃபோகல், ப்ரோக்ரஸிவ் இரண்டும் இங்கே உதவாது. தலை கொஞ்சம் சாய்ந்தால் பவர் மாறிவிடும்.

சாதாரண ஃபிரேமில் இன்னொரு தொல்லை. ரைஃபிளின் கட்டையில் கன்னத்தைப் பதித்ததும் கண் லென்ஸின் நடுவை விட்டு மூக்கோர மேல் மூலை வழியாகப் பார்க்கும். அங்கே படம் இழுபடும். ஷூட்டிங் ஃபிரேமில் ஒற்றை லென்ஸை நகர்த்தி, கண்ணுக்கு நேர் எதிரே நிமிர்த்தி நிறுத்தலாம். கிம் யே-ஜி முகத்தில் இருந்த சில்லின் ரகசியம் இவ்வளவுதான். மறு கண்ணை மூடச் சொல்லாதீர்கள், முகம் முழுவதும் இறுகும். 30 மில்லிமீட்டர் அகலம் வரை மறைப்புத் தகடு வைத்துக்கொள்ளலாம். கறுப்பைவிடப் பால் நிறத் தகடு நல்லது. ஒரு கண் இருட்டில் இருந்தால் அதன் பாப்பா விரியும், கூடவே சுடும் கண்ணின் பாப்பாவும் விரியும்.

வட்டத்துக்குள் வட்டம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 2004 ஏதென்ஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி. அமெரிக்காவின் மேத்யூ எமன்ஸ் கடைசிக் குண்டுக்கு முன் 3 புள்ளி முன்னிலை. சுட்டார், அவருடைய திரையில் எதுவும் வரவில்லை. குண்டு பக்கத்து வரிசைக் குறியில் விழுந்திருந்தது. பூஜ்யம், தங்கத்திலிருந்து எட்டாம் இடம். பின் துளைக்குள் நுழைந்துவிட்ட கண்ணுக்கு எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு. எந்த விலை சைட்டும் அதைச் சொல்லாது. முதலில் சைட்டுக்கு மேலாக வரிசை எண்ணைப் பார், பிறகு உள்ளே இறங்கு என்று எங்கள் கிளப்பில் குட்டிகளுக்குச் சொல்லித் தருகிறோம்.

பின் சைட்டின் இரண்டு திருகுகளும் கிளிக் கிளிக்கென்று நகரும். மாடலைப் பொறுத்து ஒரு கிளிக்குக்குக் குண்டு விழும் இடம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு மாறும். ஒருமுறை சரியாக அமைந்ததும் திருகை ஒரு ஓரத்துக்குக் கொண்டுபோய், எத்தனை கிளிக் என்று எண்ணி, நோட்டில் எழுதிவைத்துவிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடுங்கள். 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டு அபினவ் பிந்த்ராவுக்கு எங்கோ விலகி விழுந்தது. தகுதிச் சுற்றில் நன்றாக இருந்த சைட் அது. யாரோ கை வைத்திருக்கலாம் என்று பின்னர் அவர் சந்தேகப்பட்டார். கிடைத்த நிமிடங்களில் கிளிக்குகளைத் திருகிச் சரிசெய்துகொண்டு சுட்டார். கடைசிக் குண்டு 10.8, இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். நம் பிள்ளைகளிடம் சைட் எந்தப் பக்கம் திரும்பினால் குண்டு எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் பாதிப் பேர் கோச்சைப் பார்க்கிறார்கள்.

பராமரிப்பு என்றால் நம் ஊரில் எண்ணெய் போடுவது. சைட்டுக்கு வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தூசி கிளிக்கைக் கெடுக்கும். துளையில் தூசி அடைத்தால் ஊதுங்கள்; ஊசி விட்டால் விளிம்பு போச்சு. சைட்டைப் பிடித்து ரைஃபிளைத் தூக்காதீர்கள். பெட்டியில் வைக்கும்போது கழற்றுவதானால், உட்காரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவைத்துத் திரும்ப அங்கேயே மாட்டுங்கள். இதற்கெல்லாம் முன்னால், ரைஃபிளின் அறைக்குள் பெல்லட் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

போட்டிக்கு அல்லாமல் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் மாட்டியே தீருவேன் என்பவர்களுக்கும் சொல்லவேண்டும். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் உதைத்து உடனே முன்னாலும் உதைக்கும். பின்னுதையை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப்புகளுக்கு உள்ளே லென்ஸ் கழன்றுவிடும். ஏர் ரைஃபிளுக்கு என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகள் பல 100 கஜத்துக்கு ஃபோகஸ் வைத்தவை. 10 மீட்டரில் படம் மங்கும், கண்ணை அசைத்தால் குறுக்குக்கோடு குறியின் மேல் நீந்தும். 10 மீட்டர் வரை இறங்கும் ஃபோகஸ் வளையம் அவசியம். லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ஊதல், அடுத்து மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. வேட்டி முனை துணி அல்ல. சென்னை, தூத்துக்குடி பக்கம் இருப்பவர்கள் நுரைப் பஞ்சு வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் மூடிவைத்தால் லென்ஸில் வேர் விட்டதுபோல் பூஞ்சை படரும். அது கோட்டிங்கைத் தின்றுவிட்டால் நானே ஒன்றும் செய்யமுடியாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள்.

பழைய சைட்டோ ஸ்கோப்போ விலைக்கு வந்தால், ரைஃபிளைத் தாங்கியில் வைத்து ஐந்து குண்டு சுடுங்கள். பிறகு 20 கிளிக் வலம், 20 மேல், 20 இடம், 20 கீழ். ஒவ்வொரு திருப்பத்திலும் ஐந்து குண்டு. கடைசி ஐந்தும் முதல் ஐந்தின் மேலேயே விழவேண்டும். விழவில்லை என்றால், "கொஞ்சம் துடைச்சா சரியாயிடும்" என்று விற்பவர் சொல்வார். நானும் கடை வைத்திருப்பவன்தான், அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். வாங்காதீர்கள்.