மூக்கை நம்ப முடியாத இடம்

டீ வரட்டும், அதற்குள் ஒன்று கேட்கிறேன். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடுகிறதே, ஏன்? மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், சுண்ணாம்பு போன்ற காரத்தைத் தொட்டதும் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அதனால் அது உறிஞ்சும் ஒளி மாறுகிறது. நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. மஞ்சள் தடவிய ஈரத்தாளை அம்மோனியா வாயுவில் காட்டினாலும் இதுவே நடக்கும். விஷவாயுவை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் உணரிகளின் சூட்சுமம் இவ்வளவுதான்: குறிப்பிட்ட வாயுவோடு வினைபுரிந்து தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் ஒரு மூலக்கூறு.

'நாற்றம் வந்தால் தெரியாதா, உணரி எதற்கு?' என்பீர்கள். கழிவுநீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் 100 பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். உள்ளே இருப்பவருக்கு நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். விஷம் அப்படியே இருக்கும். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். காற்றைவிடக் கனமானதால் அடியில் தேங்கி நிற்கும். முதலில் இறங்கியவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கியவரும் விழுவது இதனால்தான்.

வேதியியல் ஆய்வகங்களில் இந்த வாயுவுக்கென்று பழைய காவலாளி ஒன்று உண்டு. லெட் அசிடேட் கரைசலில் தோய்த்த வெள்ளைத் தாள். ஈயம் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு லெட் சல்பைடாக மாற, தாள் பழுப்பாகிக் கறுக்கும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் கந்தகத்தின் வேலைதான். குறை என்னவென்றால், வாயு மிகக் குறைவாக இருந்தால் கறை மங்கலாகவே விழும்; ஈயமும் நஞ்சு.

அடுத்த படி, ஒளிரும் உணரிகள். கடையில் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கில் காட்டினால் சில இழைகள் மின்னுமே, அந்த ஒளிர்வுதான். 2011-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங் குழுவினர், ஒளிரும் சாயம் ஒன்றில் அசைடு என்ற நைட்ரஜன் தொகுதியைப் பூட்டுப்போல் மாட்டினார்கள். பூட்டு இருக்கும்வரை சாயம் இருண்டு கிடக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அந்த அசைடை அமீன் என்ற வேறொரு தொகுதியாக மாற்றியதும் சாயம் ஒளிரும். உயிருள்ள செல்லுக்குள் கரைந்திருப்பதைக்கூட இப்படிப் பார்க்க முடிந்தது. வெள்ளை வேட்டியில் விழுந்த லேசான கறையைவிட, இருட்டில் ஏற்றிய அகல் சட்டென்று கண்ணில் படும் அல்லவா? ஒளிர்வின் பலம் அதுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. உணரி தனக்குத் தெரிந்த வாயுவைப் பற்றி மட்டுமே பேசும். தாள் கறுக்கவில்லை என்றால் மீத்தேன் இல்லை என்றோ, ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கிறது என்றோ பொருளில்லை. அதற்குப் பல வாயுக்களை ஒருசேர அளக்கும் மின்னணுக் கருவிகள் வேண்டும்.

அந்தக் கருவியும்கூட ஒருவரைக் கழிவுக்குள் இறக்கத் தரும் அனுமதிச் சீட்டு அல்ல. மலக்குழிக்குள் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அதில் உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் ஆளைத் திருப்பித் தராது. உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் உறிஞ்சு லாரியை வரவழையுங்கள். 'அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது, இறங்கி அள்ளிவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள்.