ஆசனம் காலியாகும் நாள்

ஒரு சர்வகலாசாலையின் மேன்மையை எதைக் கொண்டு அளப்பது? கட்டடத்தின் உயரத்தைச் சுட்டிக் காட்டுவோர் உண்டு; பட்டம் பெற்றோரின் தொகையை எண்ணிச் சொல்வோரும் உண்டு. நாம் வேறோர் அளவுகோலைச் சிபாரிசு செய்கிறோம். சிறந்த வைஸ்சான்ஸலர் ஒருவர் விடைபெற்றுக்கொண்ட பிறகு, அவர் தொடங்கிய காரியங்கள் என்ன ஆகின்றன என்று பாருங்கள். சர்வகலாசாலையின் உண்மையான பலம் அப்பொழுது தெரிந்துவிடும்.

"வைஸ்சான்ஸலர் யாராக இருந்தால் நமக்கென்ன? பையன் பாஸ் செய்தால் போதாதா?" என்று கேட்கும் தகப்பனார்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். புதிதாக ஒரு துறையைத் தொடங்குவதென்றால் எத்தனை காரியங்கள்! பணம் திரட்ட வேண்டும். தக்க பேராசிரியரைத் தேடிக் கொணர வேண்டும். ஆராய்ச்சிக்கூடம் அமைக்க வேண்டும். முதல் மாணாக்கர்கள் கற்றுத் தேறித் தாமே ஆசிரியர்களாக வேண்டும். இவ்வளவும் மூன்று வருஷத்தில் முடிகிற வேலையா? மூன்று வருஷக் குத்தகைக்குத் தோட்டம் எடுத்தவன் கீரை விதைப்பானே அன்றித் தென்னை நடமாட்டான்.

தென்னை நட்டவர் ஒருவரைப் பற்றி முதலில் சொல்லுவோம். கல்கத்தா ஹைகோர்ட்டு நீதிபதியாக இருந்துகொண்டே, 1906 முதல் 1914 வரையில் அந்நகரின் சர்வகலாசாலைக்கு வைஸ்சான்ஸலராக விளங்கினார் ஸர் அஷுதோஷ் முகர்ஜி. பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் ஸ்தாபனமாக இருந்ததை, உயர்தரக் கல்வியும் ஆராய்ச்சியும் நடக்கும் இடமாக மாற்ற அவர் உறுதி கொண்டார். தாரகநாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்னும் இரு வக்கீல்கள் வாரி வழங்கிய பொருளைக் கொண்டு 1914-ல் விஞ்ஞானக் கலாசாலை தோன்றியது.

அதே வருஷம் அவர் பதவி முடிந்தது. அடுத்த ஏழு வருஷங்களில் மூவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தனர். ஆயினும் வேலை நிற்கவில்லை. ஏன்? காரியத்தை அவர் தம்முடைய நாற்காலியோடு கட்டி வைக்கவில்லை. அறக்கட்டளை, பேராசிரியர் பதவி, முதுகலைக் கல்விக்கான கவுன்ஸில் ஆகியவற்றில் ஊன்றி வைத்திருந்தார். சர்க்கார் உத்தியோகத்தை விட்டு நம் சி. வி. ராமன் பாலித் பேராசிரியரானது 1917-ல். மைசூரிலிருந்து ராதாகிருஷ்ணன் தத்துவப் பேராசிரியராக வந்தது 1921-ல். அவ்வாண்டு மீண்டும் வைஸ்சான்ஸலரான அஷுதோஷ், 1923-ல் கவர்னர் லிட்டன் பிரபு நிபந்தனையோடு பதவியை நீட்டிக்க முன்வந்தபோது, வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1924-ல் காலமானார். ராமன் தமது கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தது 1928-ல். நோபல் பரிசு பெற்றது 1930-ல். நட்டவர் மறைந்தார், மரம் காய்த்தது.

இனி நம் சென்னைக்கு வருவோம். டாக்டர் ஆ. லக்ஷ்மணஸ்வாமி முதலியார் 1942 முதல் 1969 வரையில், இருபத்தேழு வருஷ காலம், சென்னைச் சர்வகலாசாலையின் வைஸ்சான்ஸலராக இருந்தார். அவர் 1952-ல் பௌதிகத் துறையை ஒப்புவித்தது முப்பது வயது ஜி. என். ராமச்சந்திரனிடம். தோலுக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகளால் முறுக்கிய கயிறு போன்றது என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் எடுத்துரைத்தனர். புரதங்களின் அமைப்பை ஆராய்வோர் உலகெங்கும் கையாளும் 'ராமச்சந்திரன் படம்' 1963-ல் சென்னையிலிருந்தே வெளிவந்தது. இளைஞர் ஒருவரை நம்பிப் பல வருஷம் துணை நின்ற தலைமையின் பயன் இது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதலியார் 1969-ல் விலகினார். இரண்டு வருஷத்துக்குள் ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்று, அங்கே புதியதோர் ஆராய்ச்சிப் பிரிவை நிறுவினார். முன்போன்ற ஆதரவு இல்லாமற் போனதே காரணமென்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவர் வளர்த்த துறை அழிந்துவிடவில்லை. மாணாக்கர்கள் அதைக் காத்தனர். என்றாலும் ஒருவருடைய அன்பை நம்பி நின்ற ஏற்பாடு, அவர் போனதும் ஆட்டம் கண்டது. நீண்ட பதவிக்காலத்தின் நன்மையும் அபாயமும் ஒருங்கே இதில் தெரிகின்றன. ஆலமரத்தின் நிழல் இதமானதுதான். ஆனால் அதனடியில் அடுத்த மரம் எளிதில் எழும்புவதில்லை.

நீண்ட ஆட்சியிலாவது நிழல் உண்டு. ஆசனமே வெறுமையாகக் கிடந்தால்? அதே சென்னைச் சர்வகலாசாலையில் 2023 ஆகஸ்டில் வைஸ்சான்ஸலரின் பதவிக்காலம் முடிந்தது. அவருக்குப் பின்வருபவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் யார் இருப்பது என்பதில் கவர்னருக்கும் மாகாண சர்க்காருக்கும் பிணக்கு. விவகாரம் நீதிமன்றங்கள் வரை சென்றது. வருஷம் ஒன்றுக்கு மேல் ஆசனம் காலியாகவே இருந்தது. அன்றாட அலுவல்களை ஒரு குழு கவனித்துக்கொண்டது உண்மையே. ஆனால் தற்காலிகக் குழு கோப்பைத் தள்ளலாம். இருபது வருஷத்துக்கான திட்டத்தை யார் பொறுப்பில் தொடங்கும்? இதில் எந்தக் கட்சியின் வாதம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. இழப்பு யாருடையது என்பதை மட்டும் சொல்லுகிறோம். அந்த வருஷங்களில் அங்கே படித்த பிள்ளைகளுக்கு அவை திரும்பி வாரா.

ஆகவே, தலைவர் நெடுங்காலம் இருக்கவேண்டுமா, குறுங்காலமா என்பது பாதிக் கேள்விதான். நடுவதற்குப் போதிய காலம் வேண்டும்; நட்டது தம்மைச் சாராமல் நிற்கும்படி வேலி கட்டும் விவேகம் வேண்டும்; பதவி முடியும் தேதி முன்கூட்டியே தெரிந்ததாகையால், பின்வருபவரை அத்தேதிக்கு முன்பே தேர்ந்து வைக்கும் ஒழுங்கும் வேண்டும். வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்தபின் முகூர்த்தத்தன்று மாலையிலா பந்தற்கால் நடுகிறோம்? நம் வரிப்பணத்தில் நடக்கும் சர்வகலாசாலைகளுக்கும் அந்த முன்யோசனையை நாம் உரிமையோடு கேட்கலாம்; கேட்கவும் வேண்டும்.