உடைந்த வெள்ளி நாணயத்தை இனங்காணும் முறை

ஏலப்பாறை போன்ற மலையூர்களில், தோட்டத்திற்குக் குழி எடுக்கும்போதோ உலோகங்காட்டும் கருவியால் நிலத்தைத் துழாவும்போதோ, நகத்தின் அளவான கருநிறத் துண்டொன்று கிடைக்கலாம். கருவி அது எங்குள்ளது என்பதை மட்டுமே கூறும். சுருளில் மாறிமாறிப் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை எழுப்ப, மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அதன் எதிரொலியே காதில் விழும் ஓசை. வெள்ளியின் மெல்லிய துண்டும் ஈயத்தாளும் ஏறக்குறைய ஒரே விதமாக ஒலிக்கக்கூடும். ஆதலின் இனங்காணும் வேலை, துண்டு கைக்கு வந்தபின்னரே தொடங்குகிறது.

அதைப் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்குதல் கூடாது. மண்ணிலுள்ள உப்புகள் வெள்ளியின் மேற்பரப்பை வெள்ளிக் குளோரைடாக மாற்றியிருக்கும். முத்திரையின் நுண்ணிய கோடுகள் பலவேளை இப்படலத்திலேயே தங்கியிருக்கும்; தேய்த்தால் படலத்தோடு அவையும் போய்விடும். பொற்கொல்லரிடம் உரைத்துப் பார்ப்பதும் இவ்வாறே தீங்கானது.

முதலில் எடை. உடைந்த துண்டின் எடை, முழு நாணயம் அதைவிடக் குறைந்திருக்க முடியாது என்பதைக் காட்டும். பழைய முத்திரை நாணயத்தின் எடை பெரும்பாலும் 3.5 கிராமுக்கு உட்பட்டது. அகஸ்டஸ் காலத்து ரோமானிய தினாரியம் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆங்கிலேயர் காலத்து ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. எனவே துண்டே 5 கிராம் இருப்பின், முன்னைய இரண்டையும் நீக்கிவிடலாம்.

அடுத்தது விளிம்பு. வட்ட விளிம்பின் ஒரு பகுதி எஞ்சியிருந்தால், வில்லின் நாணையும் உயரத்தையும் அளந்து முழு நாணயத்தின் விட்டத்தைக் கணக்கிடலாம். வகுப்பறைக்கு இது நல்ல பயிற்சி. நாண் 18 மில்லிமீட்டர், உயரம் 3 மில்லிமீட்டர் எனின், நாணின் வர்க்கமாகிய 324ஐ உயரத்தின் எட்டு மடங்காகிய 24ஆல் வகுக்க 13.5, அதனோடு உயரத்தின் பாதியாகிய 1.5ஐக் கூட்ட ஆரம் 15. விட்டம் 30 மில்லிமீட்டர். இது ரூபாயின் அளவை ஒட்டியது. மலைத்தோட்டப் பகுதிகளில் கிடைப்பவற்றுள் இத்தகைய பிற்கால நாணயங்களே மிகுதியாயிருக்கும் என எதிர்பார்ப்பது முறை. ஏமாற்றம் கொள்வதற்கில்லை.

விளிம்பு நேர்கோடாயின் கவனம் வேண்டும். முத்திரை நாணயங்கள் வெள்ளித் தகட்டிலிருந்து வெட்டப்பட்டு, எடை மிகுந்தால் மூலை நறுக்கப்பட்டவை. ஆகவே மூலை இல்லாத நாணயம் உடைந்ததாகாது. பண்டைய வெட்டு, நாணயத்தின் முகத்தைப் போன்றே கறுத்து வழவழப்பாயிருக்கும். புதிய உடைவு வெண்மையாய், சர்க்கரைக் கட்டியின் முறிவுபோல் குறுணையாய்த் தோன்றும். நெடுங்காலம் மண்ணிற் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைவதே காரணம். உடைவிலே செம்பு நிறம் தெரிந்தால் அது வெள்ளிப் பூச்சுள்ள போலி.

இனி முத்திரைகள். இம்மலைகளுக்குக் கிழக்கே, போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முத்திரை நாணயங்கள் ஒருங்கே கிடைத்தன. அவற்றின் பின்புறத்தில் மீனை நினைவூட்டும் கோட்டுரு உண்டு. பாண்டியர் வெளியிட்டவை என்பது அறிஞர் கருத்து. மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1945இல் கிடைத்த புதையலில் ரோமானிய நாணயங்களும் முத்திரை நாணயங்களும் கலந்திருந்தன. ஒன்றோடொன்று கிடந்தமையே இங்குச் சான்று. தட்சசீலத்தில் 1924இல் கிடைத்த குவியலின் காலம், அதிலிருந்த அலெக்சாந்தர், பிலிப்பு அரிடியஸ் ஆகியோரின் தேயாத நாணயங்களால் துணியப்பட்டது. அந்நாணயங்களை நிறுத்து ஆராய்ந்த கணித அறிஞர் தா. த. கோசாம்பி, பின்புற முத்திரைகள் மிகுந்தவை எடை குறைந்திருப்பதைக் கண்டார். கை மாறக் கைமாறத் தேய்ந்தன என்பது பொருள். துலக்கிய நாணயத்தில் இந்தக் கணக்குத் தவறிவிடும்.

துண்டு கிடைத்த இடத்தை மேலும் தோண்டுதல் வேண்டா. கேரளத்தில் 1968ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. புதையல் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். துண்டை உலர்ந்த தாளுறையில் இட்டு, இடம், ஆழம், நாள், உடன் கிடைத்த ஓடு முதலியன ஆகியவற்றை உறையின்மேல் எழுதி, இருபுறமும் அளவுகோலுடன் நிழற்படம் எடுத்து அனுப்புதல் போதும்.