கேம்ஸ் கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்திற்கு எவ்வளவு பணம்?

"கேம்ஸ் விளையாட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். "பிராசசரை அப்புறம் பார்க்கலாம். மானிட்டர் எது? என்ன கேம் விளையாடுவீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடிதம் டைப் செய்யவும் இன்டர்நெட் பார்க்கவும் வாங்கும் கம்ப்யூட்டரில் பிராசசரும் ராம் மெமரியும் சரியாக இருந்தால் போதும். கேம்ஸ் கம்ப்யூட்டரில் பணம் போக வேண்டிய இடம் வேறு. பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசை மாறினால், பணம் தவறான இடத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

அண்மையில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கடையில் வாங்கிய கொட்டேஷனைக் கொண்டு வந்து காட்டினான். சீட்டுப் பணம் எடுத்து அவன் அப்பா வாங்கித் தரப்போகும் கம்ப்யூட்டர். ஐ7 பிராசசர், 32 ஜிபி ராம், கண்ணாடி வைத்த கேபினட், வண்ண விளக்கு எரியும் 5 மின்விசிறிகள் எனப் பட்டியல் நீண்டது. கிராபிக்ஸ் கார்டு மட்டும் 2019ல் வெளியான ஜிடிஎக்ஸ் 1650. அதில் இருப்பது 4 ஜிபி மெமரி. எஸ்.எம்.பி.எஸ். என்ற இடத்தில் "450 வாட்ஸ்" என்று மட்டும் இருந்தது. கம்பெனி பெயர் இல்லை.

இருவரும் உட்கார்ந்து பட்டியலை மாற்றி எழுதினோம். ஐ7 ஐ5 ஆனது. ராம் 16 ஜிபி ஆனது. விளக்குகள் போயின. மிச்சமான பணம் புதிய கிராபிக்ஸ் கார்டுக்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் போனது. மொத்தத் தொகை ஏறவில்லை. எந்த வரிசையில் பார்த்தோம் என்பதை இங்கே சொல்கிறேன்.

1. மானிட்டர்

திரையில் தெரியும் படம் பிக்ஸெல் எனப்படும் புள்ளிகளால் ஆனது. ஃபுல் எச்.டி. மானிட்டரில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560 x 1440 மானிட்டரில் சுமார் 36.9 லட்சம். 4கே மானிட்டரில் சுமார் 82.9 லட்சம். இது ஃபுல் எச்.டி.யைப் போல 4 மடங்கு. கேம் ஓடும்போது இத்தனை புள்ளிகளையும் ஒரு வினாடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ கம்ப்யூட்டர் புதிதாக வரைய வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்றால் வினாடிக்கு 144 முறை. மானிட்டர் பெரிதாகப் பெரிதாக மற்ற செலவும் ஏறுவது இதனால்தான். முதல் கம்ப்யூட்டருக்கு ஃபுல் எச்.டி. போதும் என்பது என் கருத்து.

2. கிராபிக்ஸ் கார்டு

இந்தப் புள்ளிகளை வரைவது கிராபிக்ஸ் கார்டுதான். எனவே மானிட்டர் நீங்கலாக உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதற்கு ஒதுக்குங்கள். பாதி வரை போனாலும் தவறில்லை.

"எத்தனை ஜிபி கார்டு?" என்று மட்டும் கேட்காதீர்கள். மாடல் எண்ணைக் கேளுங்கள். மெமரி அதிகம் உள்ள பழைய கார்டு, மெமரி குறைந்த புதிய கார்டைவிட மெதுவாக ஓடலாம். ஒரே மாடல் இரண்டு அளவுகளில் வருவதும் உண்டு. 2023ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் விற்றது. எனவே கொட்டேஷனில் மாடல் எண், மெமரி இரண்டும் இருக்க வேண்டும். இன்றைய பெரிய கேம்களுக்கு 8 ஜிபியைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்குமா என்பதையும் பாருங்கள்.

வீட்டிற்கு வந்த பின் ஒன்று. மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் உள்ள இணைப்பில் செருகுங்கள். மதர்போர்டில் உள்ள இணைப்பில் செருகினால், விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்க, பிராசசரில் உள்ள சிறிய கிராபிக்ஸ்தான் வேலை செய்யும்.

3. பிராசசரும் மதர்போர்டும்

எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது என்ற கணக்குகள் பிராசசரின் வேலை. கவுன்டர் ஸ்டிரைக் 2, வாலரன்ட் போன்ற போட்டி கேம்கள் பிராசசரை அதிகம் நம்பியிருக்கும். சைபர்பங்க் 2077 போன்ற கேம்களில் பாரம் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும். பொதுவாக, அண்மைத் தலைமுறையைச் சேர்ந்த 6 கோர் பிராசசர் வீட்டு உபயோகத்திற்குப் போதும்.

இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால், அதில் கிராபிக்ஸ் வசதி இல்லை என்று பொருள். கிராபிக்ஸ் கார்டு போடுபவருக்கு இதனால் நஷ்டமில்லை. விலையும் சற்றுக் குறையும்.

பிராசசர் உட்காரும் இடம் சாக்கெட். ஏஎம்டியின் 2016ம் ஆண்டு ஏஎம்4 சாக்கெட்டில் டிடிஆர்4 ராம். 2022ல் வந்த ஏஎம்5ல் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. எனவே பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

4. ராமும் எஸ்.எஸ்.டி.யும்

16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். பிராசசர் இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தகவலை எடுக்கும். ராம் விலை ஏறி இறங்கும் தன்மை உடையது. 2025 இறுதியில் கடுமையாக ஏறியது. வாங்கும் வாரத்தில் விலையை விசாரியுங்கள்.

கேம்களை எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமுக்கு 150 ஜிபி இடம் வேண்டும். 2023ல் வந்த ஸ்டார்ஃபீல்ட் 125 ஜிபி கேட்பதோடு, எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்கிறது. எனவே 1 டிபி என்விஎம்இ எஸ்.எஸ்.டி. நல்ல தொடக்கம்.

5. எஸ்.எம்.பி.எஸ்.

கொட்டேஷனில் கடைசி வரியில் இருப்பதும், விலை குறைக்கச் சொன்னால் கடைக்காரர் முதலில் கை வைப்பதும் இதில்தான். ஆனால் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருவது இதுவே. கெட்டுப்போகும் மலிவான எஸ்.எம்.பி.எஸ். தனியாகப் போகாது, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.

பெட்டியின் மேல் அச்சிட்ட வாட்ஸை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டிய லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். அங்கே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட்ஸ்தான்; மேலே 450 என்று அச்சடித்திருந்தாலும் அவ்வளவுதான்.

இப்போது தேவையைக் கணக்கிடுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட்ஸ். ஐ5 12400எஃப் பிராசசர் உச்சத்தில் 117 வாட்ஸ். இரண்டும் சேர்ந்தே 262. மின்விசிறி, மதர்போர்டு, எஸ்.எஸ்.டி. எல்லாம் தனி. அந்த 216 வாட்ஸ் எப்படித் தாங்கும்? விண்டோஸில் எல்லாம் நன்றாக இருக்கும். கேம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். வைரஸ் என்று நினைத்துப் பலர் விண்டோஸை மீண்டும் மீண்டும் இன்ஸ்டால் செய்வார்கள்.

இதுபோன்ற கம்ப்யூட்டருக்கு நல்ல கம்பெனியின் 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். 80 பிளஸ் முத்திரை, வீணாகும் மின்சாரம் குறைவு என்பதை மட்டுமே காட்டும். கம்பெனி பெயரும் வாரண்டி ஆண்டுகளும் அதைவிட முக்கியம். வீட்டு பிளக்கில் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். 600 விஏ யூ.பி.எஸ். பலவும் 360 வாட்ஸ்தான் தரும். மானிட்டரையும் சேர்த்தால் கேம் ஓடும்போது அதன் எல்லை நெருங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

6. கடையில்

சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், ஒவ்வொரு பாகத்தின் கம்பெனி, மாடல் எண், விலை, வாரண்டி நான்கையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள். வாரண்டிக்குப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும். பாகங்களின் காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. எனவே புதிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போடுங்கள். அதன் விலையையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு, பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் என வரிசையாக எழுதி, எதிரே தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போதவில்லை என்றால் கேபினட்டில் குறையுங்கள். அடுத்து பிராசசரில் ஒரு படி இறங்குங்கள். ராமையும் எஸ்.எஸ்.டி.யையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.