முழங்காலின் பின்னே தோன்றும் நீர்க்கட்டி

நடுத்தர வயதைக் கடந்தவர்களில் சிலர், எழுந்து நின்று காலை நேராக நீட்டும்போது முழங்காலின் பின்குழியில் ஏதோ திரண்டு இறுக்குவதையும், குந்தி உட்கார முயலும்போது அவ்விடம் தடுப்பதையும் உணர்ந்து, புற்றுநோயாக இருக்குமோ என்று மனக்கலக்கம் அடைகிறார்கள். பெரும்பாலும் அது அத்தகைய கொடிய வியாதியன்று. மூட்டுத் திரவம் பின்புறம் தேங்கியதால் உண்டான நீர்க்கட்டியே. ஆயினும், மூட்டினுள் நடைபெறும் கோளாறொன்றின் வெளி அடையாளம் அது என்பதால் அலட்சியம் செய்தல் தகாது.

உண்டாகும் விதம்

டப்ளின் நகரத்து வைத்தியர் ராபர்ட் ஆடம்ஸ் 1840-லேயே இவ்வீக்கத்தைக் குறிப்பிட்டிருந்தபோதிலும், இதற்கும் மூட்டு நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை 1877-ல் விரிவாக எடுத்துரைத்த லண்டன் அறுவை நிபுணர் வில்லியம் மாரண்ட் பேக்கரின் பெயராலேயே இது ‘பேக்கர் நீர்க்கட்டி’ என வழங்குகிறது. முழங்கால் உராய்வின்றி இயங்குவதற்கென மூட்டினுள் சுரக்கும் வழவழப்பான திரவம், மூட்டுத் தேய்மானத்தாலோ, முடக்குவாதத்தாலோ, பிறைவடிவக் குருத்தெலும்பின் கிழிசலாலோ அளவுக்கு மிஞ்சிப் பெருகும்போது, பின்புறத் தசைநார்களுக்கிடையே உள்ள சிறு பைக்குள் புகுகிறது. அவ்வழி ஒருபுறமே திறக்கும் கதவைப் போன்றதாகையால், சென்ற திரவம் திரும்ப இயலாமல் பை பருக்கிறது.

குழந்தைகளுக்கும் இக்கட்டி வருவதுண்டு. அவர்களிடத்தில் பெரும்பாலும் மூட்டு நோய் எதுவும் இராது, காலப்போக்கில் தானாகவே மறைந்துவிடும்.

கண்டறிதல்

காலை நீட்டினால் கெட்டியாகவும் சற்று மடக்கினால் மிருதுவாகவும் மாறுவது இதன் ஸ்வபாவம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கட்டியினுள் திரவம் இருப்பதை நிச்சயப்படுத்தும். மூட்டினுள் உள்ள கிழிசலை எம்.ஆர்.ஐ. காட்டும். வீக்கம் நாடியோடு சேர்ந்து துடிக்குமானால், அது ரத்தக்குழாயின் புடைப்பாக இருக்கக்கூடும் என்பதால் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஜாக்கிரதை வேண்டிய தருணம்

கட்டி உடைந்து திரவம் கெண்டைக்காலுக்குள் இறங்கினால், திடீர் வலியும் வீக்கமும் சிவப்பும் உண்டாகும். ஆழ்ந்த சிரையில் ரத்தம் உறைந்தாலும் இதே லட்சணங்களே தோன்றும். அவ்வுறைகட்டி நுரையீரலைச் சென்று அடைந்தால் பிராணாபாயம் நேரலாம். இவ்விரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது வைத்தியர்க்கே கடினம் என்றிருக்க, வீட்டிலேயே எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவிவிடுவது பெருந்தவறு. அன்றே மருத்துவமனைக்குச் சென்று டாப்ளர் பரிசோதனை செய்துகொள்ளுதல் அவசியம். மூச்சுத் திணறலோ மார்பு வலியோ சேர்ந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

சிகிச்சை

உபாதை தராத கட்டிக்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. வலி இருப்பின், ஓய்வும், துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும், காலை உயர்த்தி வைத்தலும், வைத்தியர் ஆலோசனைப்படி வலிநிவாரணியும், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் பலனளிக்கும். அதிகப் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் மூட்டின் பாரம் குறையும். இவற்றால் தீராதபோது, ஊசியால் நீரை எடுத்து ஸ்டீராய்டு மருந்து செலுத்துவதும், மூட்டினுள் நுண்குழாய் செலுத்திக் கிழிந்த குருத்தெலும்பைச் சீர்செய்வதும் உண்டு. கட்டியையே அறுத்தெடுப்பது அபூர்வமாகவே தேவைப்படும்.

நீரை எடுத்தவுடன் வீக்கம் வடிவதைக் கண்டு நோய் நீங்கிற்று என்று நிம்மதி கொள்வது சரியன்று. மூலகாரணம் இருக்கும்வரை அது மீண்டும் நிறையக்கூடும். ஆகவே வைத்தியரிடம் செல்பவர், கட்டியை அகற்றும் வழியைக் கேட்பதற்கு முன்னால், மூட்டுக்கு நேர்ந்த குறை யாது என்று கேட்டறிவாராயின், அவர் பெறும் நிவாரணம் நிலைத்து நிற்கும்.